நரேனின் மஞ்சள் கார் எந்தப் பெட்டியில் வரும்?

2005 ஜூன் 19, இண்டியானாபொலிஸ். மிஷெலின் டயர் போட்டிருந்த 14 கார்களும் பந்தயம் தொடங்குமுன்பே பிட்டுக்குத் திரும்பிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்டிருந்த 6 கார்கள் மட்டும் ஓடின. அவற்றுள் நான்காவதாக வந்தது 19ஆம் எண்ணிட்ட மஞ்சள் நிற ஜோர்டான். ஓட்டியவர் கோவை நரேன் கார்த்திகேயன். ஃபார்முலா ஒன் பந்தயத்தில் புள்ளி பெற்ற முதல் இந்தியர் என்ற பெயர் அன்றைக்கு அவருக்குக் கிடைத்தது. ஆறு கார் ஓடிய பந்தயத்தில் நான்காம் இடம் பெரிய காரியமா என்று கேட்பவர்கள் கேட்டுக்கொண்டிருக்கட்டும். நான் எடுத்துக்கொள்ளும் கேள்வி வேறு. விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ இருக்கும் ஒருவர் அந்தக் காரைத் தன் மேசையில் தன் கையால் கட்ட விரும்பினால், பிளாஸ்டிக் கிட்டை நம்ப வேண்டுமா, ரெசினை நம்ப வேண்டுமா?

இதே ஜோர்டான் அணியின் 1991ஆம் ஆண்டுக் காரான பச்சை நிற 191, ஜப்பானின் டமியா நிறுவனத்திடமிருந்து 1/20 அளவில் பிளாஸ்டிக் கிட்டாக வந்தது. மைக்கேல் ஷூமேக்கர் ஸ்பா ஓடுதளத்தில் தன் முதல் ஃபார்முலா ஒன் பந்தயத்துக்கு இறங்கிய கார் அது. ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் அதற்கு வாங்குவோர் நிறைய. நரேனின் இ.ஜே.15 காரை ஜெர்மனியின் மினிசாம்ப்ஸ் 1/43 அளவில் உலோக வார்ப்பாக, வண்ணமும் எழுத்தும் முடித்தே விற்றது. நல்ல வேலைப்பாடுதான். ஆனால் நிஜத்தில் 1.8 மீட்டர் அகலமுள்ள கார் அதில் 4 சென்டிமீட்டர் சொச்சமாகச் சுருங்கி, கண்ணாடிப் பெட்டிக்குள் திருகாணி போட்டு நிறுத்தப்பட்டிருக்கும். வாங்கியவருக்கு அதில் செய்ய ஒன்றுமில்லை. கட்டுகிறவருக்கு அது ஆதாரப் படமாகப் பயன்படுமே தவிர, மாடலாக ஆகாது.

ஒரே அணியின் இரண்டு கார்களுக்கு ஏன் இந்த வேறுபாடு என்பதற்கு விடை அச்சில் இருக்கிறது. பிளாஸ்டிக் கிட் என்பது பாலிஸ்டைரீனை 200 டிகிரிக்கு மேல் உருக்கி, கடைந்தெடுத்த எஃகு அச்சுக்குள் பேரழுத்தத்தில் பாய்ச்சி எடுப்பது. எஃகு அச்சு ஆயிரக்கணக்கில் பிரதி கொடுக்கும். அதற்கு ஆகும் செலவும் ஆயிரக்கணக்கில் விற்றால்தான் மீளும். ரெசினுக்கு அச்சு சிலிகோன் ரப்பர். மூலவடிவம் ஒன்றைச் செய்து, அதன்மேல் ரப்பரை ஊற்றி, உறைந்ததும் பிளந்தெடுத்து, அந்தக் குழிவுக்குள் இரண்டு திரவங்களைக் கலந்து வார்த்தால் சில நிமிடங்களில் இறுகிவிடும். சில டஜன் வார்ப்புகளில் ரப்பர் கிழிந்துபோகும். ஆனால் முப்பது பேர் மட்டுமே விரும்பும் காரையும் இந்த வழியில் செய்துவிடலாம். எஃகு அச்சு சந்தையைப் பார்த்துக் காரைத் தேர்ந்தெடுக்கிறது. ரப்பர் அச்சுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இரண்டையும் எடைபோடும்போது முதலில் மனதில் நிற்க வேண்டியது இதுதான். பலரும் மேற்பரப்பு வழவழப்பில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறார்கள்.

கட்டும்போது என்ன தெரியவருகிறது என்று பார்த்தால் பிளாஸ்டிக் வெகுதூரம் முன்னால் நிற்கிறது. 1967இல் லோட்டஸ் 49 வந்தபோது பந்தயக் காரின் எலும்புக்கூடே மாறியது. ஓட்டுநர் உட்காரும் தொட்டி அவர் முதுகுக்குப் பின்னால் முடிந்துவிடும்; காஸ்வொர்த் எஞ்சின் அந்தத் தொட்டியில் நேராக போல்ட் செய்யப்பட்டிருக்கும்; பின்சக்கரங்களின் சுமை முழுவதும் எஞ்சின் வழியாகவே முன்னால் போகும். பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் படித்துக் கடந்துவிடக்கூடிய இந்தச் செய்தி, எஞ்சினோடு வரும் பிளாஸ்டிக் கிட்டைக் கட்டும்போது விரலுக்குப் புரியும். எஞ்சினை ஒட்டாதவரை முன்பாதியும் பின்பாதியும் சேர வழியே இல்லை. திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே மெக்கானிக்கல் படிக்கும் ஒரு மாணவருக்கு ஒரு 1/20 கிட் கொடுக்கும் பயிற்சி சிறியதல்ல. சஸ்பென்ஷன் கைகள் எந்தக் கோணத்தில் எங்கே பிணைகின்றன, ரேடியேட்டர் ஏன் பக்கவாட்டுக்குப் போனது, வெளியேற்றுக் குழாய்கள் ஒன்றோடொன்று எப்படிப் பின்னிச் சேர்கின்றன என்பதெல்லாம் கட்டும் வரிசையிலேயே வந்துவிடும். 1970களில் போர்ஷே 934 கிட்டைச் சரியாகச் செய்ய டமியா நிறுவனம் ஒரு நிஜ போர்ஷே 911 காரையே வாங்கிப் பிரித்துப் பார்த்தது. அந்த உழைப்பின் பலன் வாங்குகிறவரின் கைக்கு வந்து சேர்கிறது.

ரெசின் கிட்டுகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில் தோற்கின்றன. மூடிய உடல் ஒரே கட்டியாக வரும். அதில் நான்கு சக்கரம், இரண்டு இறக்கை, ஓட்டுநர் இருக்கை, கண்ணாடிகள், அவ்வளவுதான். உள்ளே என்ன இருந்தது என்பதை அது சொல்வதில்லை. ஜப்பானின் மாடல் ஃபேக்டரி ஹிரோ போன்றவர்கள் ரெசினோடு வெள்ளீயக் கலவை வார்ப்பும் அரித்தெடுத்த உலோகத் தகடும் சேர்த்து எஞ்சின் முழுவதையும் கொடுக்கிறார்கள் என்பது உண்மை. பிளாஸ்டிக்கை மிஞ்சும் கிட்டுகள் அவை. ஆனால் பெரிய அளவு கிட் ஒன்றின் விலை பல பத்தாயிரம் யென். சிலருக்கு மட்டும் எட்டும் விதிவிலக்கை வைத்து ஒரு முழு வகைக்கு மதிப்பெண் போட எனக்கு மனம் வரவில்லை.

துல்லியத்தில் இரண்டுக்கும் ஒரே நோய். பிளாஸ்டிக் பாகத்தின் சுவர் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் கனம். 1/20 அளவில் அது நிஜத்தில் 20 மில்லிமீட்டருக்குச் சமம். பந்தயக் காரின் இறக்கையோரத் தகடோ சில மில்லிமீட்டர் கனமுள்ள கார்பன் ஃபைபர். ஆகவே பெட்டியில் வரும் இறக்கை எதுவும் அப்படியே வைத்தால் பலகைபோலத்தான் தெரியும். ரெசினை அதைவிட மெல்லியதாக வார்த்தால் வளையும், தடிமனாக விட்டால் பிளாஸ்டிக்கைவிடக் கனத்துத் தெரியும். இந்த நோய்க்கு மருந்து 0.2 மில்லிமீட்டர் உலோகத் தகடு. அது நிஜத்தில் 4 மில்லிமீட்டருக்குச் சமம். விளிம்பைச் சீவி மெலிதாக்காத, தகடு மாற்றாத மாடலை, எந்தப் பொருளில் செய்திருந்தாலும், முடிந்த வேலையாக நான் ஏற்பதில்லை. வண்ணம் எவ்வளவு பளபளத்தாலும் அந்தப் பருத்த விளிம்பு அளவைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ரெசினுக்கு ஒரு நல்ல மதிப்பெண் இங்கே கொடுக்க வேண்டும். பந்தயக் கார் என்பது ஒரே பொருள் அல்ல. பந்தயத்துக்குப் பந்தயம் இறக்கை மாறும், காற்றுத் துளை மாறும், விளம்பர எழுத்து மாறும். ஜோர்டானே 2005ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இ.ஜே.15-ஐத் திருத்தி, பி என்று எழுத்துச் சேர்த்து ஓட்டியது. பிளாஸ்டிக் கிட் பொதுவாக ஒரு நிலையைத் தேர்ந்து அதிலேயே நின்றுவிடும். மொனாக்கோவில் ஓடிய காரையே, மான்சாவில் ஓடிய காரையே வேண்டும் என்று கேட்பவருக்கு மாற்றுப் பாகங்களை வார்த்துக் கொடுப்பது ஸ்டுடியோ 27 போன்ற ரெசின் பட்டறைகள்தான். சிகரெட் விளம்பரங்களைப் பெரிய நிறுவனங்கள் கிட்டிலிருந்து எடுத்துவிட்ட பிறகு, வரலாற்றில் கார் எப்படி ஓடியதோ அப்படியே காட்ட உதவும் டீகல் என்ற ஒட்டுப்படத் தாள்களும் இதே சிறு பட்டறைகளிலிருந்து வருகின்றன.

இனி நம் மண்ணுக்கு வருவோம். டமியாவின் ஊரான ஷிஸுவோகாவில் சரியாக இருப்பது சித்திரை மாதத்து விழுப்புரத்தில் சரியாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பாலிஸ்டைரீன் ஏறத்தாழ 100 டிகிரி வரை வடிவம் காக்கும். வார்ப்பு ரெசின் பலவும் 60, 80 டிகிரிக்குள்ளேயே தளரத் தொடங்கும். அக்னி நட்சத்திர வெயிலில் நிற்கும் கூரியர் வேன் அந்த எல்லையை நெருங்கக்கூடிய இடம். வெப்பம் வேண்டாம், காலமே போதும்: ரெசின் சஸ்பென்ஷன் கைகள் காரின் எடையைத் தாங்கித் தாங்கி, சில ஆண்டுகளில் முழங்கால் மடங்கியதுபோல் தொய்ந்துவிடும். வெந்நீரில் முக்கி நிமிர்த்தினால் மறுபடியும் தொய்யும். பித்தளைக் கம்பியை உள்ளே செருகுவதுதான் நிலையான தீர்வு. ரெசின் கார் கட்டுகிறவர் அதைச் செய்யாமல் விட்டால் காரை அலமாரியில் வைக்காமல் இருப்பதே நல்லது.

வார்க்கிறவருக்கு மழைக்காலம் இன்னொரு பகை. பாலியூரித்தேன் ரெசினின் ஒரு பாதியான ஐசோசயனேட் ஈரத்தைக் கண்டால் அதோடு வினைபுரிந்து கரியமில வாயுவை விடும்; வார்ப்பு முழுக்கக் குமிழி. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது திண்டிவனத்துக்குப் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த அளவு வேண்டாம், சாதாரண ஐப்பசி அடைமழையே போதும். மூடி தளர்ந்த டப்பாவில் இருக்கும் ரெசின் பாழ். இந்தப் பகுதியில் வார்ப்பு வேலை என்பது தை முதல் ஆனி வரைக்குமான வேலை என்று வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். வண்ணத்துக்கும் இதே விதிதான்: ஈரக்காற்றில் அடித்த லேக்கர் வெளுத்துப் பூத்துவிடும்.

ஆனால் கடைத்தெருவுக்குப் போனால் தராசு திரும்புகிறது. பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டும் மாடல் சிமென்ட்டைத் தேடித் தருவிக்க வேண்டும். ரெசினை ஒட்ட ஃபெவிக்விக் போதும், அது பெட்டிக்கடையில் கிடைக்கிறது. வலு வேண்டிய இடத்துக்கு அரால்டைட், பள்ளம் அடைக்க எம்-சீல். ஆட்டோ பெயின்ட் கடையில் வாங்கும் என்.சி. பெயின்ட்டையும் தின்னரையும் வெறும் பாலிஸ்டைரீன்மேல் தாராளமாக அடித்தால் பரப்பு கரைந்து சுருங்கும். ரெசின் அதைப் பொறுத்துக்கொள்ளும். பட்டி பார்ப்பது, வாட்டர் பேப்பரில் தேய்ப்பது, ப்ரைமர் அடித்து மறுபடி தேய்ப்பது எல்லாம் நெடுஞ்சாலையோர டிங்கரிங் பட்டறைகளில் அன்றாடம் நடக்கும் வேலை. அந்தப் பட்டறைக்காரரின் கைப்பழக்கம் ரெசின் காருக்கு அப்படியே பொருந்தும். வெளிநாட்டு மாடல் இதழ்கள் ரெசினை அனுபவசாலிகளுக்கு உரியது என்று எழுதுவது வழக்கம். நம் ஊர் நிலவரத்துக்கு அது முழுதாகப் பொருந்தாது.

மூச்சுக்குழாயைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனெனில் இதில் சமரசம் கிடையாது. ரெசின் தூள் நுண்ணியது, நுரையீரலுக்கு ஆகாது. தண்ணீர் தொட்டுத்தான் தேய்க்க வேண்டும், முகக்கவசம் போட்டுத்தான் அறுக்க வேண்டும். ஐசோசயனேட் சிலருக்கு ஒவ்வாமையையும் இளைப்பையும் நிரந்தரமாக வரவழைத்துவிடும். ஒற்றை அறை வீட்டில், குழந்தைகள் தூங்கும் இடத்தில் வார்ப்பு வேலை செய்யவே கூடாது. பிளாஸ்டிக் இந்த வகையில் எவ்வளவோ சாது.

பணம். விளையாட்டுப் பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது. 2023இல் 70 ஆனது. சுங்க அட்டவணையில் ஸ்கேல் மாடல்களும் பொம்மைகளும் ஒரே தலைப்பின் கீழ்தான் வருகின்றன. உள்நாட்டுப் பொம்மைத் தொழிலைக் காக்க வந்த வரி, உள்நாட்டில் போட்டியே இல்லாத ஒரு பொழுதுபோக்கின் கழுத்தைப் பிடித்திருக்கிறது. வரியின் பாரம் இரண்டு வகைக்கும் பொதுவென்றாலும் விளைவு ஒன்றல்ல. பிளாஸ்டிக் கிட்டின் அடிவிலை குறைவு. வரியோடும் அதைத் தாங்கலாம். ரெசின் கிட்டின் அடிவிலையே அதிகம். தன் உள்ளூர்ச் சம்பளத்தில் பாதியைக் கொடுத்து, எஞ்சின் இல்லாத ஒரு ஃபெராரிக் கட்டியைத் தருவிப்பவரைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த ஃபெராரி வேறு யாருடைய பிளாஸ்டிக் கிட்டிலாவது, எஞ்சினோடு, கால் விலைக்குக் கிடைக்கக்கூடும்.

இதுவரை எண்ணிப் பார்த்தால் பிளாஸ்டிக் வென்றுவிட்டது: அறிவு, ஆயுள், உடல்நலம், விலை. ரெசினுக்குக் கிடைத்தவை பந்தயத்துக்குப் பந்தயம் மாறும் துல்லியமும் உள்ளூர்க் கடைச்சரக்கும்தான். ஆனால் எந்தக் காரைக் கட்டுகிறோம் என்ற கேள்வி பாக்கியிருக்கிறது. அதை மற்றவற்றோடு சேர்த்து ஒரு மதிப்பெண்ணாக எண்ண முடியாது. மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

நம் மாநிலத்துக்கு ஒரு பந்தய வரலாறு இருக்கிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதையான சோழவரத்தில் பல பத்தாண்டுகள் கார்கள் சீறின. 1980களில் விஜய் மல்லையா அங்கே என்சைன் ஃபார்முலா ஒன் காரையே ஓட்டினார். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் ஓடுதளம் வந்தது. கோவையின் கரிவரதன், மாருதி 800 காரின் 796 சி.சி. மூன்று சிலிண்டர் எஞ்சினை எடுத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காரைக் கட்டினார். ஃபார்முலா மாருதி என்று அதற்குப் பெயர். பணக்காரர் வீட்டுப் பிள்ளைகள் மட்டும் இறக்குமதிக் காரில் ஓட்டிய விளையாட்டை, கடையில் உதிரிபாகம் கிடைக்கும் எஞ்சினை வைத்துப் பலருக்கும் எட்டவைத்தவர் அவர். நரேன் தன் முதல் பந்தயத்தை ஓட்டியது அந்த ஃபார்முலா மாருதியில்தான். 1995இல் விமான விபத்தில் கரிவரதன் இறந்துபோனார். கோவையின் ஓடுதளம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. என் கணக்கில், இண்டியானாபொலிஸ் ஜோர்டானைவிடவும் இந்தச் சிறிய காருக்குத்தான் மாடலாகும் தகுதி அதிகம். ஜோர்டானை நரேன் ஓட்டினார்; ஃபார்முலா மாருதி நரேனை உருவாக்கியது.

அந்தக் காருக்காக எந்த ஜப்பானிய நிறுவனமும் எஃகு அச்சு கடையப் போவதில்லை. அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. எம்.ஆர்.எஃப். பந்தயக் கார்களை ஓட்டவைக்கிறது. அதே குழுமத்தின் ஃபன்ஸ்கூல் ராணிப்பேட்டையில் பொம்மைத் தொழிற்சாலை நடத்துகிறது. இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருந்தும்கூட எஃகு அச்சின் கணக்கு மாறாது. ஆயிரக்கணக்கில் விற்காத பொருளுக்கு அச்சு செய்ய எந்தக் கணக்காளரும் ஒப்பமாட்டார். நடிகர் அஜித்குமார் கதை வேறு. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்த கார் போர்ஷே 911. போர்ஷேக்குப் பிளாஸ்டிக் கிட்டுகள் நிறைய. உடலைப் பந்தய வடிவத்துக்குத் திருத்தி, டீகல் அச்சடித்துக்கொண்டால் அஜித் கார் தயார். ரசிகர்கள் அதைக் கட்டட்டும். ஆனால் அஜித்தின் பெயர் அதில் டீகல் தாளில் மட்டுமே இருக்கும். கார் முழுவதும் போர்ஷேயின் ஷ்டுட்கார்ட்டுக்குச் சொந்தம்.

ஃபார்முலா மாருதிக்கு மிஞ்சுவது ரப்பர் அச்சுதான். அதற்கான கைவேலை நமக்குத் தூரமில்லை. விழுப்புரத்துக்குப் பக்கத்திலேயே பண்ருட்டி. கொலுவுக்கு வரும் களிமண் பொம்மைகளும் காகிதக் கூழ் பொம்மைகளும் அங்கே தலைமுறைகளாக அச்சில்தான் பிறக்கின்றன. மூலவடிவம் செதுக்குவது, அச்சை எங்கே பிளப்பது என்று கண்ணால் முடிவுசெய்வது, கோடு தெரியாமல் தேய்ப்பது, வெள்ளையடித்து வண்ணம் தீட்டுவது என வரிசை அப்படியே ஒன்று. ஒரு செட்டியார் பொம்மைக்கு அச்சு பிளக்கத் தெரிந்த கை, காரின் மூக்குக்கும் அச்சு பிளக்கும். மாறுவது பொருள் மட்டும்: பிளாஸ்டர் இருந்த இடத்தில் சிலிகோன், கூழ் இருந்த இடத்தில் ரெசின்.

ஆகவே என் தீர்ப்பு. கடையில் வாங்கிக் கட்டுவதாக இருந்தால் பிளாஸ்டிக்கையே வாங்க வேண்டும். எஞ்சின் உள்ள 1/20 கிட்டாகப் பார்த்து வாங்க வேண்டும். வெளிநாட்டு ரெசின் கிட், உள்ளே எஞ்சின் இல்லாவிட்டால், இங்கிருந்து தருவிக்கத் தகுதியானதல்ல. ரெசின் நியாயமாவது ஒரே நிலையில்: வேறு யாரும் செய்யாத காரை, மூலவடிவம் முதல் நாமே செய்யும்போது. அந்த மூலவடிவத்தையும் பெரும்பாலும் பாலிஸ்டைரீன் தகடுகளை அறுத்து ஒட்டித்தான் செய்ய வேண்டியிருக்கும் என்பதால், பிளாஸ்டிக்கில் கை பழகாதவருக்கு ரெசினில் வேலையே இல்லை. நான்கைந்து பிளாஸ்டிக் கார்களை எஞ்சினோடு கட்டி முடித்தவர்தான் அச்சு ஊற்றும் பக்கம் போக வேண்டும்.

கணினியில் வரைந்து முப்பரிமாண அச்சில் எடுத்தால் மூலவடிவமே வேண்டாமே என்பார்கள். ஒளியில் இறுகும் அந்த ரெசின் வெயிலில் நாளடைவில் நொறுங்கும் தன்மை அடைகிறது. அதனால் முடிந்த மாடலாக அது எனக்கு ஒப்புதல் இல்லை. மூலவடிவமாக, ரப்பர் அச்சுக்குள் போவதற்கு முன்னான நிலையாக, மிக நல்லது. ஆனால் அதற்கும் அளவு வேண்டும். புகைப்படத்தைப் பார்த்து வரைந்த காரில் சக்கர இடைவெளி தப்பும். அது தப்பினால் மற்ற எல்லாம் தப்பும். மிஞ்சியிருக்கும் ஃபார்முலா மாருதி கார்களைக் கோவையிலும் சென்னையிலும் தேடிப்போய், உரிமையாளர் அனுமதியோடு அளவு நாடாவைப் பிடிப்பதுதான் முதல் வேலை. அவற்றைப் பந்தயத்துக்குத் தயார்செய்த மெக்கானிக்குகள் இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும். எந்த ஆண்டுக் காருக்கு எந்தக் குழாய், எந்த மூக்கு என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.